மணிமேகலை தொடுத்த வினா

பள்ளியிலும் கல்லூரியிலும் மணிமேகலையைப் பாடஞ் சொல்லுங்கால் நம்மவர் பெரும்பாலும் ஆதிரை பிச்சையிட்ட வரலாற்றோடும் ஆபுத்திரன் திறத்தோடும் அமைந்துவிடுகின்றனர். சிறைக்கோட்டம் அறக்கோட்டமான காதைவரை செல்வோர் சிலர். நூலின் 30 காதைகளுள் 27ஆவதாகிய சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையையும், 29ஆவதாகிய தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையையும் மாணவர்முன் விரித்துவைப்போர் மிகச் சிலரே. தருக்க நூற்பொருளைச் செய்யுளாக்கிக் கதையின் இறுதியில் ஒட்டிவைத்தாற் போன்றவை அவை. அங்குக் காப்பியச் சுவை காண்டல் அரிது என்பது வழிவழியாக வந்துள்ள தீர்ப்பு. அத்தீர்ப்பு பிழையுடையது என்பதும், அப்பிழைக்குக் காரணம் அக்காதைகளை நாம் கதையினின்றும் பிரித்துப் படித்தமையே என்பதும் என் துணிபு.

அறிஞர் அவற்றைப் புறக்கணித்தனர் என்று சொல்வதற்கில்லை. 1898இல் மணிமேகலையை அச்சிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், பௌத்த சமயப் பொருள்களை அறிந்துகொள்ள மளூர் ரங்காசாரியாரின் துணையை நாடியது பலரும் அறிந்த செய்தி. பின்வந்த ஆராய்ச்சியாளரோ இக்காதைகளைக் காலக்கணக்குக்குரிய சான்றாகவே பெரிதும் நோக்கினர். 29ஆம் காதையின் அளவையியல், வடமொழியில் சங்கரசுவாமி இயற்றியதாகக் கருதப்படும் நியாயப்பிரவேசத்தோடு வரிசை தவறாமல் ஒத்துச் செல்கின்றது. அந்நூல் யுவான் சுவாங்கால் கி.பி. 647இல் சீன மொழிக்குச் சென்றது. சாத்தனார் அதற்குக் கடன்பட்டவரா என்பதே வழக்கு. 1928இல் மணிமேகலையின் வரலாற்றுப் பின்னணியை ஆங்கிலத்தில் ஆராய்ந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் கடன்பட்டிலர் என்றார். குப்புசாமி சாத்திரியார் முதலியோர் பட்டார் என்றனர். வழக்கு எவ்வாறு முடியினும் ஆகுக. பொருள் யாருடையதாயினும், அதனைக் கதையில் எவ்விடத்தில் யார் வாயில் வைத்தார் என்பது புலவருடையது. திறனாய்வாளன் காணவேண்டுவது அதனையே.

வஞ்சி மாநகரில் மாதவன் வடிவு பூண்டு நிற்கும் மணிமேகலைக்கு முதலிற் பேசுபவன் வைதிக நெறியினனாகிய அளவைவாதி. உண்மையை அறியும் கருவிக்கு அவன் வழங்கும் சொல் அளவை. நெல்லை அளக்கும் மரக்காலுக்கும், நிலத்தை அளக்கும் கோலுக்கும், நம்பத்தக்கது இது, நம்பத்தகாதது இது என்று வரையறுக்கும் அறிவுக்கும் தமிழ் ஒரே சொல்லை அமைத்திருத்தல் எண்ணி மகிழ்தற்குரியது. காண்டல், கருதல், உவமம், ஆகமம் எனத் தொடங்கி அளவைகள் பத்து என்கிறான் அவன். வேதவியாதன் பத்தென்றும், கிருதகோடி எட்டென்றும், சைமினி ஆறென்றும் கொண்டனர் என்று கருத்து வேறுபாட்டையும் மறையாமல் உரைக்கிறான். பின்னர் அளவையின் குற்றங்கள் எட்டினை எண்ணுகிறான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. இப்பியை வெள்ளி என்று கொள்ளுதல் திரியக்கோடல், தறியோ மகனோ என்று மயங்குதல் ஐயம், ஆராயாமலே தறியை மகன் என்று துணிதல் தேராது தெளிதல், முயற்கொம்பு இல்வழக்கு. மாணவர்க்கு எளிதில் விளங்கும் எடுத்துக்காட்டுகளே இவை.

எட்டாவதாகிய நினைப்பு என்பதனிடத்தில் நாம் சற்று நிற்றல் வேண்டும். காரணம் ஒன்றும் நிகழாதிருக்க, இவரே உனக்குத் தாயும் தந்தையும் என்று பிறர் சொல்ல, அதனை அவ்வாறே கருதிக்கொள்ளுதல் நினைப்பு என்கிறான் அளவைவாதி. உலகில் எத்தனையோ எடுத்துக்காட்டுகள் இருக்க, தாய் தந்தையரை அறியும் அறிவையா ஒருவன் குற்றத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவான்? இவ்வரியைப் பட்டியலின் கடைசி உறுப்பாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். கேட்டு நிற்பவள் யார் என்று நோக்கினால் கடந்துவிட இயலாது.

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை. எனினும் ஊரலர் உரைத்த காதையில், இவள் பெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள். தவத்துக்கே உரியவள் என்று பெற்ற தாயாகிய மாதவியே கூறிவிடுகிறாள். சித்திராபதி கூறுவது வேறு. கணிகையர் குடியிற் பிறந்தாள், ஆதலின் கணிகையே என்பது அவள் வழக்கு. உதயகுமரனும் அதனையே நம்பிப் பின்தொடர்கிறான். ஆகவே, தாய் யார் என்னும் வினாவுக்கு யார் சொல்லை ஏற்பது என்பதிலேயே இப்பெண்ணின் வாழ்வு தொங்குகின்றது. அளவைவாதியின் பேச்சைக் கேட்பதற்குச் சற்றுமுன், 26ஆம் காதையில், வஞ்சியில் கண்ணகி கோவலன் படிமங்களின் முன் தாயும் தந்தையுமாகப் பாவித்துக் கண்ணீர் மல்க நின்றவள் அவள். அந்த ஈரம் உலர்வதற்குள், பிறர் சொல்லக் கேட்டுப் பெற்றோரைக் கருதுதல் குற்றம் என்று ஒருவன் சொல்லக் கேட்கிறாள்.

இன்னும் இரண்டு காதை பின்னோக்கிச் சென்றால், நம் மலாய்த் தீவுப் பரப்பைச் சேர்ந்த சாவக நாட்டைக் காண்கிறோம். அங்கு அரசாளும் புண்ணியராசன் பூமிசந்திரனையும் அமரசுந்தரியையும் பெற்றோர் என்றே நம்பி வளர்ந்தவன். நாடு முழுவதும் அவ்வாறே சொல்லிற்று. மணிமேகலை வந்து கூறியபின் அவன் அமரசுந்தரியைக் கேட்கிறான்; அவள் உண்மையைச் சொல்கிறாள்; தான் அவர்கள் வயிற்றிற் பிறந்தவன் அல்லன் என்று அறிகிறான். நினைப்பு என்னும் குற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? அளவைவாதி ஓரடியிற் கூறியதைப் புலவர் முன்னரே கதையாக நடத்திக் காட்டியிருக்கிறார். கதையையும் தருக்கத்தையும் பிரித்துப் படிப்பதனால் நமக்கு நேரும் இழப்பு இதுபோன்றது.

இனி, அக்காதையின் முடிவுக்கு வருவோம். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவர் கொள்கையையும் கேட்டு, கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள் மணிமேகலை. கண்கூடாகக் கண்டதன்றிக் கருத்தளவை நில்லாது, இப்பிறப்பும் இதன் பயனுமே உண்மை, மறுமை என்பது பொய் என்கிறான் அவன். அதுகாறும் எவரையும் மறுத்துப் பேசாதவள் இங்கே நகைக்கிறாள். தன் முற்பிறப்பைத் தான் அறிந்துள்ளமையைக் கூறுகிறாள். பூதவாதி சளைக்கவில்லை. தெய்வ மயக்கத்தாலும், கனவினாலும், பித்தினாலும் மனம் வேறுபடுவோர்க்கு இத்தகைய தோற்றங்கள் நிகழும் என்று விடையிறுக்கிறான். அதற்கு அவள் தொடுக்கும் வினா ஒன்றே: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் நீ எவ்வாறு அறிந்தாய்?

குற்றப் பட்டியலின் கடைசியில் வந்த அதே தாய் தந்தையர் காதையின் கடைசியில் மீண்டும் வருகின்றனர். முன்னர்க் காரணமின்றி நம்புவதற்கு எடுத்துக்காட்டாக வந்தவர், இப்பொழுது காரணங்கொண்டு அறிவதற்கு எடுத்துக்காட்டாக வருகின்றனர். இடையில் மாறியது என்ன? 29ஆம் காதையில் அறவண அடிகள் தரும் விளக்கத்தைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். பௌத்தர்க்கு அளவை இரண்டே: காண்டலும் கருத்தளவும். ஏனைய அளவைகள் கருத்தளவினுள் அடங்கும். பிறர் உரைக்கும் உரையும் தக்க காரணம் உடையதாயின் அனுமானம் ஆகும். காரணம் இன்றேல் வெறும் நினைப்பே. இதே பட்டியலின் முதலில் நின்ற சுட்டுணர்வுக்கு நேர்ந்ததும் நோக்கத்தக்கது. அளவைவாதி அதனைக் குற்றம் என்றான். அறவண அடிகளோ, பெயர், சாதி, குணம், தொழில் என்பவற்றை நீக்கிய சுட்டுணர்வே மெய்யான காண்டல் என்கிறார். ஒருவர் கழித்த கல் மற்றவர்க்கு மூலைக்கல் ஆகின்றது. சமயங்களின் வேறுபாடு கடவுட் கொள்கையில் தொடங்குவதாக நாம் எண்ணுகிறோம். எதனை அறிவு என்று ஏற்பது என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. உரையைத் தனி அளவையாக நிறுத்திய அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவை குறித்த பகுதியோடு தொடங்குவதும் இக்கருத்தை வலியுறுத்தும்.

எனினும் மணிமேகலையின் வினா, அவள் எண்ணிய அளவு பூதவாதியை வீழ்த்தியதா என்றால், இல்லை என்றே நான் சொல்வேன். கருத்தளவை இன்றி வாழ்தல் இயலாது என்பதை அது நாட்டிற்று, அவ்வளவே. அவளுடைய முற்பிறப்பு உணர்வு மயக்கமன்று என்பதை அது நாட்டவில்லை. பூதவாதி கேட்டது ஒன்று. அவள் விடையிறுத்தது மற்றொன்று. வியப்பு யாதெனில், தக்க விடை ஒன்று அவள் கையிலேயே இருந்தது. 25ஆம் காதையில் மணிபல்லவத்துக்கு வந்த புண்ணியராசன் பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்கிறான். அதனோடு நூல் நிற்கவில்லை. தீவதிலகை புன்னை நிழலைச் சுட்டி, அவன் முன்னைய உடம்பு மணலின் கீழ் உள்ளது என்கிறாள்; அரசன் மணலைத் தோண்டி என்புக்கூட்டைக் காண்கிறான். பட்டினியால் அவன் உயிர் நீத்தபின் தாமும் உயிர் நீத்த ஒன்பது செட்டிகளின் என்புகளும் அங்கே கிடக்கின்றன. நினைவு சொன்னதை நிலம் உறுதிப்படுத்துகிறது. கனவு கண்டவனுக்கு மண்ணின் கீழ் என்பு கிடைக்குமா என்று அவள் பூதவாதியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்டிலள். புலவர் மறந்தாரா, அளவை நூலைக் கற்பதற்கு முன்னுள்ள மணிமேகலை இவ்வளவே அறிவாள் என்று காட்ட விரும்பினாரா என்பது சிந்தித்தற்குரியது. அவளுக்கு அளவை நூல் கற்பிக்கப்படுவது இவ்வாதத்துக்குப் பின்னரே ஆதலின் நான் இரண்டாவதையே கொள்கிறேன்.

இவற்றை நான் தனியே அமர்ந்து எண்ணியவன் அல்லேன். தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் கூடி இக்காதைகளைப் படித்தபோது எழுந்தவை இவை. 1994இல் தொடங்கி, 2017இல் நமது தெம்பனிஸ் நடுவத்துக்கு இடம்பெயர்ந்த நூலகம் அது. மணிமேகலையின் வினாவைப் படித்தவுடன் ஒரு மாணவி, "ஐயா, இக்காலத்தில் மரபணுச் சோதனை இருக்கிறதே, பூதவாதி அதைக் காட்டியிருப்பானே" என்றாள். நல்ல தடைதான். ஆயினும் மரபணுச் சோதனையில் எவரும் தாயைக் காண்பதில்லை. சில அடையாளங்களின் ஒப்புமையைக் கண்டு தாய்மையைக் கருதுகின்றனர். ஏதுவைக் கண்டு சாத்தியத்தைத் துணியும் அனுமானமே அது. பிறப்புச் சான்றிதழோ எழுத்து வடிவில் உள்ள உரை. அறிவியல் வளர்ந்தும் மணிமேகலையின் வினா தேய்ந்துவிடவில்லை.

அவளைத் தொடர்ந்து வேறொரு மாணவன் எழுப்பிய தடைக்கு நாங்கள் உடனே விடை கூற இயலவில்லை. மலை நெருப்புடைத்து, புகையுடைமையால், அடுக்களை போல என்னும் பழைய எடுத்துக்காட்டையே 29ஆம் காதையும் ஆளுகின்றது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்பும் அதனாலேயே விளக்கப்படுகின்றன. மாணவன் கேட்டான்: "ஐயா, 2013இல் தெம்பனிஸ் முழுவதும் புகை, அடுத்த புளோக் கூடத் தெரியவில்லை. இங்கே நெருப்பு எங்கே இருந்தது?" அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதை இந்நாட்டில் இருந்தோர் மறந்திருக்கமாட்டார். எரிந்தது சுமத்திராவின் கரிநிலம். மூச்சுத் திணறியது சிங்கப்பூர்.

புகை கண்டு நெருப்பைத் துணிதல் அன்றும் பிழைபடவில்லை. எங்கோ நெருப்பு இருந்தது. நெருப்பு இங்கே இருக்கிறது என்று துணிந்திருந்தால்தான் பிழை. காரண காரியங்களுள், காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணிவதே பிழைபடாதது. ஏனைய கருத்தளவைகள் பிழைத்தலும் கூடும் என்று 29ஆம் காதை கூறுவதன் அருமையும், அதன் எல்லையும் அம்மாணவனின் தடையால் எங்களுக்கு விளங்கின. காரியம் காரணம் உண்டென்று சொல்லும். இன்ன இடத்தில் இன்னது என்று சொல்லுவதற்கு இன்னும் ஓர் ஏது வேண்டும். இதனை மணிமேகலையின் வினாவுக்குப் பொருத்திப் பாருங்கள். நான் பிறந்துள்ளமையால் எனக்குத் தாய் ஒருத்தி உண்டு என்பது காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணிந்தது. எவராலும் அசைக்க இயலாதது. இவளே என் தாய் என்பதோ வேறு. புண்ணியராசன் முன்னதில் பிழைக்கவில்லை, பின்னதில் பிழைத்தான். மணிமேகலை இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டுவிட்டாள். அவள் வினாவின் நெகிழ்ச்சி இதுவே.

நம்பியது உண்மையாகவே முடிந்தாலும் அறிவாகாத நிலையும் உண்டு. சீனர் ஏழாம் மாதத்தில் நம் அடுக்குமாடிகளின் கீழ் தாளெரிப்பது வழக்கம். சுமத்திராப் புகையை முகர்ந்த ஒருவன், கீழே தாளெரிக்கிறார்கள் என்று சன்னலைச் சாத்துகிறான் என்க. அவன் அறியாமலே, அந்நொடியில் கீழே ஒருவர் தாளெரிக்கத் தொடங்கியும் இருக்கிறார். அவன் நம்பியது மெய். ஆயினும் அவன் அறிந்தான் என்று சொல்லுவோமா? 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்னும் அமெரிக்க மெய்யியலார் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் இத்தகைய இடர்ப்பாட்டை எழுப்பி, மேலைநாட்டு அறிவாராய்ச்சியைக் கலக்கினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தருமோத்தரர் முதலிய பௌத்த அளவையாளர் இதனையொத்த எடுத்துக்காட்டுகளை ஆராய்ந்துள்ளனர். தேராது தெளிதல் என்னும் நம் தொடரே சிந்திக்கத்தக்கது. மணிமேகலை தரும் எடுத்துக்காட்டில் துணிபு பொய்யாக முடிகிறது. எனினும் தொடர் குறிப்பது துணிபின் பொய்ம்மையை அன்று, வந்த வழியின் குறையை. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரத்துக்கே பெயர் அமைந்துள்ளது.

29ஆம் காதையில் நகைச்சுவையும் உண்டு. கழுதையையும் கணிகையையும் ஓரிடத்தே ஒருங்கு கண்டவன், பின்னொருகால் கழுதையைக் கண்டவிடத்தில் கணிகையும் உண்டென்று துணிதல் கூடுமா என்று வினவுகிறது அக்காதை. உடன்நிகழ்வு மட்டும் ஏதுவாகாது என்பது கருத்து. மாணவர் சிரித்தனர்; நானும் சிரித்தேன். பின்னர் ஓர் ஆசிரியை மெல்லச் சொன்னார்: "கேட்டுக்கொண்டிருப்பவள் மாதவி மகள் அல்லவா?" உண்மைதான். கணிகையின் வீட்டிற் பிறந்தாள், ஆதலின் கணிகை என்று புகார் நகரம் அவளைப் பற்றிச் செய்த அனுமானமும் இவ்வகையைச் சேர்ந்ததே. புலவர் இதனைக் கருதியே இவ்வெடுத்துக்காட்டை வைத்தார் என்று நான் சாதிக்கமாட்டேன். அளவை நூல்களில் வழங்கியதை எடுத்தாண்டும் இருக்கலாம். எனினும் இவ்விடத்தில், இவள் செவியில், அது வெறும் நகையாக நில்லாது.

தமிழாசிரியராகிய நம்மை இவ்வாராய்ச்சி சுடும் இடமும் ஒன்று உண்டு. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு என்று இறையனார் அகப்பொருள் உரை கூறுவதை வகுப்பில் ஒப்பிக்கிறோம். மூன்றையும் கூட்டினால் 9990. "எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதனைத் தமிழ்ப்பற்றுக் குறைவாகக் கருதிவிடுகிறோம். பெற்ற தாயை அறிவதற்கே காரணம் வேண்டும் என்று பேசிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மொழித்தாயின் அகவைக்குக் காரணம் கேட்பவனைக் கடிந்துகொள்ளலாமா? அவ்வுரையின் செய்தியை 27ஆம் காதை கூறும் ஐதிகத்தின்பாற் படுத்தலாம். இம்மரத்தில் ஒரு தெய்வம் உண்டென்று உலகோர் கூறிவருவதனால் தெளிதல் ஐதிகம். அதனை ஐதிகம் என்று சொல்லியே கற்பித்தால் குற்றமில்லை.

காரணம் உள்ள இடமும் நமக்கு இல்லாமற் போகவில்லை. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், தமிழ்ப் பிராமி எழுத்தில், கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. பதிற்றுப்பத்தின் இறுதிப் பத்துகளில் வரும் சேரர் வழியோடு அறிஞர் அதனை இணைத்துக் காட்டியுள்ளனர். பாட்டுச் சொன்ன உரையைப் பாறை தாங்குகிறது. மணிபல்லவத்து மணலின் கீழ்க் கிடந்த என்பு போன்றது அக்கல்வெட்டு. ஆண்டுத் தொகை மூன்றையும் இக்கல்வெட்டையும் அருகருகே கரும்பலகையில் எழுதி, இவற்றுள் எது நினைப்பு, எது கருத்தளவை என்று மாணவரையே கேட்கச் செய்தால், 27ஆம் காதை வறண்டது என்று பின்னர் எவரும் சொல்லமாட்டார்.

அன்று நாங்கள் கலையும் தறுவாயில், புகைமூட்டத்தைப் பற்றிக் கேட்ட அதே மாணவன் இன்னொன்று கேட்டான். மணிமேகலை 28ஆம் காதையில் கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானை வஞ்சியில் தவக்கோலத்தில் காண்கிறாள். அவன் குடி வரலாறு கூறக் கேட்டு, அவன் சொற்படி காஞ்சிக்குச் செல்கிறாள். பூதவாதியை மடக்கிவிட்டு வந்தவள், இவனே தன் பாட்டன் என்பதை மட்டும் எந்த அளவையால் ஏற்றாள்? ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையைப் புரட்டத் தொடங்கினோம். நூலகம் மூடும் நேரமாகிவிட்டது. அறவண அடிகள் விரித்துக் கூறும் ஏதுப்போலி பதினான்கோடு அவ்வினாவும் அடுத்த கூட்டத்துக்கு நின்றது.